நம் நடுவில் இருக்கிறவரை வரவேற்பது எப்படி?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"ஐயா, ஸ்தோத்திரமுங்க. எங்க லைன் வீட்டுல வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு ஜெபக்கூட்டம் நடக்குதுங்க. பதினாறு பதினெட்டுப் பேர் வருவோம். பாதிப் பேர் பனியன் கம்பெனி, மீதிப் பேர் தறி ஓட்டறவங்க. சிஎஸ்ஐ சபைக்காரங்களும் பெந்தெகொஸ்தே சபைக்காரங்களும் கலந்துதான் இருக்கோம். பாட்டு நடத்தற அண்ணன் முக்கால் மணி நேரம் பாட வெச்சுட்டு, 'இன்னும் பிரசன்னம் இறங்கலை, இன்னும் சத்தமா பாடுங்க'ங்கறாருங்க. கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் இருக்குது. முடியறப்ப பத்து மணி தாண்டிருது. வீட்டுக்காரம்மா ரெண்டு தடவை சத்தம் போட்டுட்டாங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு எட்டே முக்காலுக்கு வந்து பின்னாடி உக்கார்ற அக்காமாரு ரெண்டு பேரு வர்றதையே நிறுத்திட்டாங்க. சீட்டுப் பணத் தகராறுல ரெண்டு குடும்பம் பேசிக்கறதில்லை. எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணுமே தோணறதில்லைங்க. தேவ பிரசன்னத்தை எப்படித்தான் வரவேற்கறது? எங்ககிட்ட என்ன குறை? உபவாசம் இருந்தாத்தான் வருமுங்களா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாட்டையும் ஸ்பீக்கரையும் பற்றிப் பல வரிகள் இருக்கின்றன. சீட்டுப் பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் 'பிரசன்னம் (தேவன் நம்மோடு இருப்பது) இன்னும் இறங்கலை' என்ற பேச்சைப் பார்ப்போம், கூட்டம் தடம் மாறுவது அங்கேதான்.

ஆண்டவர் கொடுத்த வாக்கு மத்தேயு 18:20-ல் இருக்கிறது: "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்." இதில் இத்தனை பாட்டு என்றோ, இவ்வளவு சத்தம் என்றோ எந்த நிபந்தனையும் இல்லை. அவர் நாமத்தில் கூடினால் அவர் இருக்கிறார். நீங்கள் பாய் விரிக்கும்போதே இருக்கிறார்.

அப்படியென்றால் வரவேற்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். லூக்கா 24-ம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். இயேசு வழியெல்லாம் கூடவே வந்தார், பேசினார். அவர்களுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் "எங்களுடனே தங்கியிரும்" என்று வருந்திக் கேட்டார்கள். உள்ளே வந்து பந்தியில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது. கூட வருகிறவரை உள்ளே அழைத்து, உட்காரவைத்து, அவர் பேச்சைக் கேட்டு, அவர் கையால் வாங்கிக்கொள்வது: வரவேற்பு என்றால் இவ்வளவுதான். வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் 'வாங்க, வாங்க' என்று கூவிக்கொண்டே இருந்தால் நம் ஊரில் யாரும் அதை மரியாதை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, எதிரே உட்கார்ந்து 'சொல்லுங்க' என்பதுதான் மரியாதை.

துதித்தால்தான் தேவன் இறங்குவார் என்பதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது சங்கீதம் 22:3. "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்." உண்மையான, அருமையான வசனம். ஆனால் அதற்கு இரண்டு வசனம் முன்னால் போய்ப் படியுங்கள்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" பகலில் கூப்பிட்டும் பதில் வரவில்லை, ராத்திரியிலும் அமைதி இல்லை என்று அழுகிற ஒருவன் சொல்லும் வார்த்தை அது. அவனுக்கு அப்போது உள்ளுக்குள் எதுவும் தோன்றவில்லை; தோன்றாத நேரத்திலேயே 'நீர் இருக்கிறீர்' என்று அறிக்கை செய்கிறான். ஆகவே உங்களுக்கு ஒன்றும் தோணவில்லை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலுவையில் ஆண்டவரே அந்தச் சங்கீதத்தின் முதல் வரியைச் சொன்னார்.

சத்தத்தைப் பற்றி வேதம் ஒரு எச்சரிக்கையும் தருகிறது. 1 சாமுவேல் 4-ல் பெலிஸ்தரிடம் தோற்ற இஸ்ரவேலர் சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். அன்றைக்கே முப்பதாயிரம் காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. ஆர்ப்பரிப்பில் அங்கே எந்தக் குறையும் இல்லை. இரண்டு அதிகாரம் முன்னால் போனால் காரணம் தெரியும்: ஆசாரியனான ஏலியின் மகன்கள் ஜனங்களின் காணிக்கையைப் பலவந்தமாய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்களுக்கு நடுவே இருந்த அநியாயத்தைத் தொடாமல், சத்தத்தால் தேவனை வரவழைக்கப் பார்த்தார்கள்.

உடம்பு சம்பந்தமான ஒரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். நீண்ட நேரம் வேகமாக, உச்சக் குரலில், மூச்சு வாங்க வாங்கப் பாடினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை லேசாகச் சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மதமதப்பாகும், அழுகை சுலபமாக வரும். வேலைக் களைப்போடு வெறும் வயிற்றில் வந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். இதைப் பரிசுத்த ஆவியானவரின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டால், வந்தவர்கள் பாக்கியவான்கள், வராதவர்கள் குறையுள்ளவர்கள் என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். அழுவது தப்பில்லை, கைதட்டுவதும் தப்பில்லை. தாவீது பெட்டிக்கு முன் தன் முழுப் பலத்தோடு நடனம் பண்ணினான். அதை அளவுகோலாக வைப்பதுதான் தப்பு.

வேறு அளவுகோலைப் பவுல் தருகிறார். 1 கொரிந்தியர் 14:24, 25-ல் விசுவாசியாத ஒருவர் கூட்டத்துக்குள் வருகிறார். சொல்லப்படுவது அவருக்குப் புரிகிறது, மனதில் தைக்கிறது. "தேவன் மெய்யாய் உங்களுக்குள்ளே இருக்கிறார்" என்று அவரே சொல்கிறார். உங்கள் வீட்டுக்காரம்மா ஒரு வெள்ளிக்கிழமை கதவோரம் வந்து நின்றால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குப் புரிகிற மாதிரி ஏதாவது அங்கே நடக்கிறதா?

இப்போது சீட்டுப் பணத்துக்கு வருகிறேன்.

மத்தேயு 18:20-ஐச் சுவரில் எழுதி மாட்டாத ஜெபவீடு குறைவு. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களும் குறைவு. 15-ம் வசனத்திலிருந்து, உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ என்று ஆண்டவர் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார். 21-ல் பேதுரு, எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்கிறார். 23-லிருந்து வருவது கடன் உவமை: பதினாயிரம் தாலந்து தள்ளுபடி ஆன ஒருவன், நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய தன் உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு கூலியாளுக்கு அன்றைய நாள் கூலி ஒரு பணம் என்று மத்தேயு 20:2 சொல்கிறது. அப்படியென்றால் அது நூறு நாள் கூலி. சின்னத் தொகை இல்லை, ஏறக்குறைய நம் சீட்டுத் தொகை மாதிரிதான். ஒரு பக்கம் சகோதரர்களின் மனஸ்தாபம், மறுபக்கம் பணக் கடன். இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் 'அவர்கள் நடுவிலே இருக்கிறேன்' என்று சொல்கிறார். மத்தேயு 5:23, 24-ல் இன்னும் நேராகவே சொல்லியிருக்கிறார்: காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு.

ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு குடும்பத்தாரும் மதிக்கிற இரண்டு பேரை, ஓர் ஆண், ஒரு பெண் என்று, தேர்ந்தெடுங்கள். பாட்டு நடத்துகிற அண்ணனோ, சீட்டில் பங்கு உள்ளவர்களோ வேண்டாம். அவர்கள் முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், குறுக்கே பேசாமல் முழுதும் கேட்கட்டும். சீட்டு மொத்தம் எவ்வளவு, எத்தனை தவணை கட்டியாயிற்று, எடுத்தது யார், பாக்கி எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் படித்துக் காட்டட்டும். பாதித் தகராறு கணக்கு ஒத்துப்போகாததால்தான் இழுக்கும், எழுதியதும் தெளியும். பிறகு நாலு பேராக ஒருநாள் உட்கார்ந்து, சனிக்கிழமை வாரச் சம்பளத்தில் இவ்வளவு என்று, கட்ட முடிகிற தொகையாகப் பார்த்து, தேதி போட்டு இருவரும் கையெழுத்து வைக்கட்டும். முடியாத தொகைக்கு ஒப்புக்கொண்டு இரண்டாம் வாரமே தவறினால் முன்னைவிட மோசமாகும்.

இதில் மூன்று தப்பு சாதாரணமாக நடக்கும். ஒன்று, பணத்தை இழந்தவரிடம் 'விசுவாசிதானே, மன்னிச்சு விட்டுடுங்க' என்று சொல்வது. அவர் கம்மலை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டியிருக்கலாம். தள்ளுபடி செய்வது அவர் மனமுவந்து செய்ய வேண்டியது, மற்றவர்கள் அவர் தலையில் கட்டக்கூடாது. இரண்டாவது, கூட்டத்தில் எல்லோர் முன்னும் கைகுலுக்கவைப்பது. வெளியே போனதும் இன்னும் கசக்கும். மூன்றாவது, ஜெபத்தில் குத்துவது. 'ஆண்டவரே, இங்கே சில பேர் இருதயம் கடினப்பட்டிருக்குது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது யாருக்கு என்று அறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த வார்த்தை ஆண்டவரிடம் பேசியதல்ல, ஆளிடம் பேசியது. அப்படி யாராவது ஜெபித்தால் கூட்டம் முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இனிமேல் ஜெபக்கூட்டத்துக்குள் சீட்டே வேண்டாம் என்றும் முடிவெடுங்கள். ஒப்புரவாகிறவரை அந்த இரண்டு குடும்பமும் வரக்கூடாது என்று மட்டும் தடுக்காதீர்கள். பேசாமல் இருந்தாலும் ஒரே பாயில் உட்காரட்டும்.

பாய் என்றதும் இன்னொன்று. யாருக்கு நாற்காலி, யாருக்குப் பாய்? யாக்கோபு 2-ம் அதிகாரம் இதைத்தான் கேட்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாற்காலி கொடுங்கள், வசதியைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். கூட்டம் முடிந்து டீ கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் போகட்டும். இரட்டை டம்ளர் பார்த்த ஊர்கள் இவை. அதன் சாயல்கூட ஆண்டவர் பெயரில் கூடும் வீட்டில் இருக்கக்கூடாது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாகச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் எழுதிவிட்டார். அவர்களுடைய பாட்டையோ ஜெபத்தையோ அவர் அங்கே குறை சொல்லவில்லை.

இனி கூட்டத்தின் நேரம். எட்டரைக்கு ஷிப்ட் முடிகிறவர்கள் உள்ள கூட்டத்தை ஏழரைக்குத் தொடங்கினால் அவர்கள் எப்போதும் பின்னால்தான் உட்கார வேண்டும், முதல் பாதி எப்போதும் அவர்களுக்கு இல்லை. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்ற முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு முடியுங்கள். ஒரு மணி நேரம் போதும். நின்றுபோன அந்த இரண்டு அக்காமாருக்கும் நீங்களே நேரில் போய் நேரம் மாறியதைச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் போதாது.

ஸ்பீக்கரை எடுத்துவிடுங்கள். லைன் வீட்டு அறையில் பதினெட்டுப் பேர் பாட அது தேவையே இல்லை. சின்ன அறையில் மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விசில் சத்தமும் வரும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதியும் வேண்டும். வீட்டுக்காரம்மா சத்தம் போட்டதை ஊழியத்துக்கு வந்த எதிர்ப்பு என்று யாரும் சொல்லவேண்டாம். அவர் தூங்க வேண்டிய நேரம் அது. ஒரு நாள் பகலில் போய், 'இத்தனை நாள் தொந்தரவு பண்ணிட்டோமுங்க, இனி ஒன்பதே முக்காலுக்கு முடிச்சுக்கறோம்' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பாடும்போது ஒரு சோதனை செய்யலாம்: உங்களுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் குரல் உங்கள் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் கீபோர்டு அதிகம். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபோது பூரிகை ஊதுகிறவர்களும் பாடகரும் ஒருமித்து ஒரே சத்தமாய்த் துதித்தார்கள், அப்போது மேகம் ஆலயத்தை நிரப்பியது என்று 2 நாளாகமம் 5:13 சொல்கிறது. ஒருவர் குரலோடு ஒருவர் குரல் சேர வேண்டும் என்றால் முதலில் ஒருவருக்கொருவர் கேட்க வேண்டும்.

ஸ்கேல் (பாட்டைத் தொடங்கும் சுருதி) விஷயத்தையும் கவனியுங்கள், பெண்கள் பாடாமல் வாயை மட்டும் அசைப்பதற்குப் பல இடங்களில் அதுதான் காரணம். பாட்டு நடத்தும் ஆண் தன் குரலுக்கு வசதியாக ஸ்கேல் பிடித்தால் பெண்களுக்கு மேல் வரி எட்டாது, கீழ் வரி குரலே வராது. பழக்கமில்லாத குரல்கள் சேர்ந்து பாடுவதற்குத் தோதான எல்லை, பெண்கள் குரலில் நடு 'சி'க்குக் கீழே உள்ள 'ஏ'யிலிருந்து, நடு 'சி'க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள 'சி'யை அடுத்த 'டி' வரை. ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே அதையே பாடுவார்கள். பாட்டின் மிக உயர்ந்த வரியை முதலில் மெல்லப் பாடிப் பாருங்கள். அது 'டி'யைத் தாண்டினால் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டோ மூன்றோ இறக்கச் சொல்லுங்கள். கீபோர்டுக்குள் இருக்கும் தாளத்தை அணைத்துவிட்டுக் கையால் தட்டுங்கள். அந்தத் தாளம் மூச்சு விட நிற்காது, வயதானவர்களுக்காகக் காத்திருக்காது.

ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு மூன்று பாட்டு போதும், பன்னிரண்டு நிமிடம். முதல் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்தது, தேவன் யார் என்று சொல்வது. இரண்டாவது அவர் செய்ததைச் சொல்வது. மூன்றாவது அவரிடம் நேரடியாகப் பேசுவது. இப்போது பல கூட்டங்களில் மூன்றுமே 'நான் உணர்கிறேன்' வகைப் பாட்டாக இருப்பதால், உணராதவர்களுக்குப் பாட வாய் வருவதில்லை. பல்லவியை மூன்று தரத்துக்கு மேல் திருப்ப வேண்டாம். புதுப் பாட்டு மாதம் ஒன்று. சிஎஸ்ஐக்காரர்களின் கீர்த்தனை ஒரு வாரம், பெந்தெகொஸ்தே சபைப் பாட்டு ஒரு வாரம் என்று மாற்றி மாற்றி வைத்தால் யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. வார்த்தைகளைப் பெரிய எழுத்தில் சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துப் பாடினால் குரல் தரைக்குப் போகிறது.

பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிட அமைதி வையுங்கள். தறிக்காரர்கள் இருக்கிற கூட்டத்துக்கு இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நாள் முழுக்கப் பேச்சே கேட்காத இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அமைதியே முதல் இளைப்பாறுதல். ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசிக்குப் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோனபின் அமர்ந்த மெல்லிய சத்தத்தில்தான் கர்த்தர் பேசினார். சும்மா 'அமைதியா இருங்க' என்றால் சங்கடமாக இருக்கும், யாராவது இருமுவார்கள், யாராவது 'ஸ்தோத்திரம்' என்று நிரப்பிவிடுவார்கள். 'ஒரு நிமிஷம் யாரும் எதுவும் சொல்ல வேண்டாமுங்க, மெதுவா மூச்சு விட்டு ஆண்டவர் இங்க இருக்கறதை நினைச்சுக்கலாம்' என்று நடத்துகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முடிக்கட்டும். முதல் இரண்டு வாரம் அரை நிமிடம் போதும். அந்த நேரத்தில் கீபோர்டு அடியில் இழையக்கூடாது. குழந்தை அழுதால் அழட்டும்.

அமைதி முடிந்ததும் ஒருவர் வரவேற்பு ஜெபத்தைச் சொல்லட்டும். ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், 'வாரும், வாரும்' என்று திருப்பித் திருப்பிச் சொல்லாமல். இந்த மாதிரி:

"ஆண்டவரே, நாங்கள் வருமுன்பே நீர் இங்கே இருக்கிறீர். களைப்போடும் கவலையோடும் வந்திருக்கிறோம். எங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பரிசுத்த ஆவியானவரே, உமது வார்த்தையைக் கேட்க எங்கள் காதைத் திறவும். ஒருவரையொருவர் பார்க்க எங்கள் கண்ணைத் திறவும். எங்களோடே தங்கியிரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்."

இப்படி அழைப்பது திருச்சபைக்குப் புதிதல்ல. 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) 1950-ல் கொண்டுவந்த திருவிருந்து முறைமையிலேயே, நல்ல பிரதான ஆசாரியரே, சீஷர்கள் நடுவில் இருந்ததுபோல எங்கள் நடுவிலும் இரும், அப்பம் பிட்கையில் உம்மை எங்களுக்குத் தெரியப்படுத்தும் என்ற கருத்தில் ஒரு ஜெபம் இருக்கிறது. எம்மாவு வீட்டை அப்படியே ஜெபமாக்கியது அது. அதே முறைமையில் சமாதானம் பரிமாறுதலும் உண்டு: கூப்பிய கைகளுக்குள் மற்றவர் கையை வாங்கிக் கொடுப்பது. உங்கள் சிஎஸ்ஐ சகோதரிகளுக்குத் தெரியும், அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கூட்டத்தின் முடிவில் அதை வையுங்கள்.

ஜெபத்துக்குப் பின் ஒரு சங்கீதத்தை வசனத்துக்கு வசனம் இரண்டு பக்கமாக மாற்றி மாற்றி வாசியுங்கள், பிறகு பாட்டு. பாட்டு முடிந்ததும் நாலு நிமிடம் பாவ அறிக்கை, மௌனமாக. கடைசியில் 1 யோவான் 1:9-ஐ ஒருவர் சத்தமாக வாசித்து முடிக்கட்டும். மன்னிப்பின் வசனம் இல்லாமல் அறிக்கையை நிறுத்தினால் மனப்பாரத்தோடு விட்டுவிட்டதாகும். வேத வாசிப்பை முந்தின நாளே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டில் வாய்விட்டு இரண்டு முறை படித்துவிட்டு வரட்டும். எழுத்துக்கூட்டித் தடுமாறினால் கேட்கிறவர்கள் வார்த்தையை விட்டு வாசிப்பவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பத்துப் பதினைந்து வசனம், இரண்டு தரம், இரண்டாவது தரம் வேறொரு குரல். அதன்பின் பிரசங்கம் வேண்டாம். 'இதுல ஆண்டவர் எப்படிப்பட்டவர்னு தெரியுது?' என்ற ஒரே கேள்வி கேட்டு, பின்னால் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். பேச விருப்பமில்லாதவர் 'அடுத்தவங்க சொல்லட்டுமுங்க' என்று விடலாம்.

ஜெப வேளையில் நீளம்தான் சிக்கல். ஒருவர் பத்து நிமிடம் ஜெபித்தால் மற்ற பதினேழு பேர் பார்வையாளர்கள். ஒருவருக்கு ஒரு காரியம், மூன்று நாலு வாக்கியம், எல்லோரும் சேர்ந்து 'ஆமென்'. எல்லோரும் ஏகமாய் வாய்விட்டு ஜெபிப்பது பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்குப் பழக்கம், அதையும் வையுங்கள், மூன்று நிமிடம். 'இப்ப எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கலாம், கடைசியில பரமண்டல ஜெபம் சொல்லி முடிச்சுக்கலாம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சிஎஸ்ஐக்காரர்களுக்குத் திகைப்பு இருக்காது. அந்நிய பாஷைக்கு, அதாவது ஆவியில் நிறைந்து புரியாத மொழியில் பேசுவதற்கு, 1 கொரிந்தியர் 14:27, 28 வரம்பு போட்டிருக்கிறது: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராய், அர்த்தம் சொல்கிறவர் இருந்தால் மட்டும், இல்லாவிட்டால் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசட்டும். தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று 29-ம் வசனம். கல்யாணம், வேலை, மருந்து பற்றித் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் 'வெளிப்பாடு' எதையும் ஏற்காதீர்கள். யார் தலையையும் பிடித்துத் தள்ள வேண்டாம். பெண்களுக்குப் பெண்களே கைவைத்து ஜெபிக்கட்டும். யாராவது மயங்கி விழுந்தால் காற்று வர விட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, சீக்கிரம் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பாட்டு நடத்தும் அண்ணனிடம் இதையெல்லாம் கூட்டத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். ஆண்டவர் மேல் வாஞ்சை இருப்பதால்தான் அவர் அப்படித் தவிக்கிறார், அது மதிக்க வேண்டிய தவிப்பு. வேறொரு நாள் வீட்டுக்குப் போய், 'அண்ணா, ஒரு ஆறு வாரம் மட்டும் ஸ்பீக்கர் இல்லாம, மூணு பாட்டோட நடத்திப் பார்க்கலாமுங்களா? நீங்களே நடத்துங்க' என்று கேளுங்கள். காலவரை இருந்தால் சம்மதிப்பது சுலபம். 'இன்னும் இறங்கலை' என்ற வார்த்தைக்குப் பதிலாக அவர் சொல்ல வேறொன்றும் கொடுங்கள்: 'ஆண்டவர் நம்ம நடுவுல இருக்கார், அவருக்குப் பாடலாம்.' வெறும் கையோடு ஒரு பழக்கத்தை விடச் சொன்னால் யாராலும் விட முடியாது. கீபோர்டு வாசிக்கும் பையனையும் ஓரங்கட்டிவிடாதீர்கள். ஸ்ருதி கொடுக்கவும், புதுப் பாட்டின் மெட்டைச் சொல்லிக்கொடுக்கவும் அவன் வேண்டும்.

ஆறு வாரம் கழித்து எதைப் பார்ப்பது? யார் அழுதார்கள் என்று பார்க்காதீர்கள். கலாத்தியர் 5:22, 23-ஐ வைத்துப் பாருங்கள். நின்றுபோன அக்காமார் திரும்ப வந்தார்களா, சீட்டுத் தவணை இரண்டாவது வாரமும் போய்ச் சேர்ந்ததா, வாசிக்கக் கூச்சப்பட்டவர் வாசித்தாரா, வீட்டுக்காரம்மா எதிரில் வந்தால் சிரிக்கிறாரா என்று பாருங்கள். இதற்கெல்லாம் பிறகும் உங்களுக்கு உள்ளுக்குள் ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். அப்போதும் சங்கீதம் 22-ஐ வாயால் வாசியுங்கள். பல மாதமாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இருந்தால் அது மன அழுத்தமாகவும் இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள், அதில் விசுவாசக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கடைசியாக உபவாசம் கேட்டிருந்தீர்கள். உபவாசம் நல்லது, ஆண்டவரே இருந்தார். அதைக் கொடுத்துப் பிரசன்னத்தை வாங்க முடியாது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவர்கள் வேலை நாளில் முழு உபவாசம் இருக்க வேண்டாம், மிஷின் முன்னால் தலை சுற்றினால் விபத்து. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாக்டரைக் கேட்காமல் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் வேண்டாம். முடிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேளை மட்டும் விடுங்கள், தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். ஏசாயா 58:7 பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிறது. அந்த ஒரு வேளைக்கான அரிசியை ஒரு டப்பாவில் எடுத்துவைத்து, மாதக் கடைசியில் லைனில் வேலையில்லாமல் இருக்கும் வீட்டுக்கு, எந்த மதமாக இருந்தாலும், கொண்டுபோய்க் கொடுங்கள்.